மனோகர் தேவதாஸ்

மனோகர் தேவதாஸ் (1936 - டிசம்பர் 7, 2022) மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஓவியரும் எழுத்தாளரும் ஆவார். தொழிலால் வேதியியலாளர். மதுரை, சென்னை ஆகிய நகரங்களின் கோயில்கள், பழைய கட்டடங்கள், தெருக்கள், நிலக்காட்சிகள் முதலியவற்றை மெல்லிய பேனாக் கோடுகளால் மிக நுணுக்கமாக வரைந்தமைக்காக இவர் அறியப்படுகிறார். விழித்திரையைச் சிறிது சிறிதாக அழிக்கும் ரெட்டினைட்டிசு பிக்மென்டோசா என்னும் மரபுவழி நோயால் இவர் பல பத்தாண்டுகளாகப் படிப்படியாகப் பார்வையை இழந்தார். இவர் வாழ்வின் ஓவியப்பணியில் பெரும்பகுதி அந்த இழப்பு நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே செய்யப்பட்டது.

இவருடைய மனைவி மகிமா தேவதாசும் ஓவியர். 1972ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, தோள்களுக்குக் கீழ் உடல் செயலிழந்த நிலையில், 2008இல் மறையும் வரை சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய வாழ்த்து அட்டைகளும் நூல்களும் அறப்பணிகளுக்கு நிதி திரட்டப் பயன்பட்டன. இந்திய அரசு 2020ஆம் ஆண்டு மனோகர் தேவதாசுக்குப் பத்மசிறீ விருது அறிவித்தது.

மதுரையில் இளமை

தேவதாஸ் மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்கன் கல்லூரியிலும் பயின்றார். இரண்டும் மதுரையின் கல்வி வரலாற்றில் பெயர்பெற்றவை. சேதுபதி பள்ளியில் சுப்பிரமணிய பாரதியார் 1904ஆம் ஆண்டில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அமெரிக்கன் கல்லூரி, 19ஆம் நூற்றாண்டில் மதுரைப் பகுதியில் பள்ளிகளை நிறுவிய அமெரிக்க மதுரை மிசன் சபையினர் 1881இல் தொடங்கிய கல்லூரியின் தொடர்ச்சியாகும். (இரமண மகரிசி 1896இல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்படும் முன் படித்துக்கொண்டிருந்த அமெரிக்கன் மிசன் உயர்நிலைப் பள்ளியும் இவர்களுடையதே.)

கல்லூரியில் தேவதாஸ் எடுத்த பாடம் வேதியியல். ஓவியத்தை அவர் கல்லூரிப் பாடமாகப் படித்தவர் அல்லர். படிப்பை முடித்தபின் சென்னையில் மின்கலங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேதியியலாளராகச் சேர்ந்தார். பின்னாளில் அவருடைய படங்களைப் பார்க்கிறவர்களுக்கு அவர் முழுநேர ஓவியராக இருந்ததில்லை என்பது வியப்பளிக்கலாம். அலுவலகம் போக எஞ்சிய நேரத்தில் வரையப்பட்டவையே அவற்றுள் பல.

அவர் வளர்ந்த 1940களின் மதுரை இன்றைய மதுரையை விட மிகச் சிறியது. வைகையின் தென்கரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் தமிழ் மாதப் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்திருந்தன. வடகரைக்குச் செல்ல 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் இருந்தது. நகரின் வடகிழக்கே, படுத்திருக்கும் யானையைப் போன்ற யானைமலை வரை பெரும்பாலும் வயல்களே. கோபுரத்தை விட உயர்ந்த கட்டடம் ஊரில் எங்கும் இல்லாததால் கோபுரங்கள் பல திசைகளிலிருந்தும் தெரிந்தன. இந்த நிலத்தோற்றம் பின்னாளில் தேவதாசின் கோட்டோவியங்களுக்கும் எழுத்துக்கும் அடிப்படையாக அமைந்தது.

திருமணமும் விபத்தும்

தேவதாசுக்கும் மகிமாவுக்கும் 1963இல் திருமணம் நடைபெற்றது. பின்னர் தேவதாஸ் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில் உயர்கல்வி பயின்றார். ஓபர்லினுக்கும் மதுரைக்கும் ஏற்கெனவே தொடர்பு உண்டு. அக்கல்லூரியைச் சார்ந்த ஓபர்லின் சான்சி என்னும் அமைப்பின் வழியே அமெரிக்க இளைஞர்கள் மதுரைக்கு வந்து அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக் கல்லூரியிலும் பணியாற்றி வந்தனர்.

குடும்பம் தாயகம் திரும்பியபின், 1972 டிசம்பர் இறுதியில் சாலை விபத்து நேர்ந்தது. மகிமாவின் கழுத்துப் பகுதித் தண்டுவடம் சிதைந்தது. அவருக்கு அப்போது முப்பதைச் சற்றுக் கடந்த வயது.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டால் இழக்கப்படுவது கை கால் அசைவு மட்டுமன்று. தொடுவுணர்ச்சி, சிறுநீர், மலம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு, வியர்வையால் உடல் வெப்பத்தைச் சீராக்கும் திறன் ஆகியவையும் பாதிக்கப்படும். உணர்ச்சியற்ற தோல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் படுக்கைப்புண் உண்டாகும். அதனைத் தவிர்க்க இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்பிவிட வேண்டும். சிறுநீர்ப்பாதைத் தொற்று எப்போதும் உள்ள அபாயம். 1970களின் இந்தியாவில் இத்தகைய பாதிப்புக்கு ஆளானவர்கள் பலர் சில ஆண்டுகளுக்குள் இறப்பது இயல்பாக இருந்தது. மகிமா 36 ஆண்டுகள் வாழ்ந்தார் என்றால், அந்த ஆண்டுகளின் ஒவ்வோர் இரவும் யாரோ ஒருவர் விழித்திருந்து பணி செய்திருக்கிறார் என்பது பொருள். அப்பணியின் பெரும்பகுதியைத் தேவதாசே ஏற்றுக்கொண்டார்.

மகிமாவால் முன்போல் ஓவியம் தீட்ட இயலாமற்போயிற்று. ஆயினும் அவரைக் கணவரால் பராமரிக்கப்பட்ட நோயாளி என்று மட்டும் எழுதுவது தவறு. வாழ்த்து அட்டைகளின் உரைப்பகுதி அவருடையது. ஓவியப் பயிற்சி பெற்ற ஒருவரின் கண், தன் கண்கள் மங்கிவரும் ஓவியருக்கு அருகிலேயே இருந்தது என்பதையும் கருத வேண்டும்.

கண் நோய்

ரெட்டினைட்டிசு பிக்மென்டோசா என்பது ஒரே நோயன்று. பல்வேறு மரபணுக்களில் ஏற்படும் பிழைகளால் விளையும் ஒரு நோய்த்தொகுதியின் பொதுப்பெயர் அது. உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது காணப்படுவதாக மதிப்பிடுகின்றனர். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகை. மங்கிய ஒளியில் காண உதவுபவை கோல் செல்கள். நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். இந்நோயில் முதலில் அழிபவை கோல் செல்கள். ஆகவே நோயாளி முதலில் இருட்டில் தடுமாறுகிறார். பிறகு பார்வையின் ஓரங்கள் மறையத் தொடங்குகின்றன. நடுப்பகுதி மட்டும் நெடுங்காலம் தெளிவாக எஞ்சியிருக்கும்; குழாய் வழியே பார்ப்பது போன்ற நிலை. இறுதியில் கூம்பு செல்களும் அழிய, அந்த நடுப்பகுதியும் போகிறது.

தமிழில் மாலைக்கண் என்று பொதுவாகச் சொல்லப்படும் வைட்டமின் ஏ குறைபாட்டோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உணவாலும் மருந்தாலும் தீரக்கூடியது. இந்நோய்க்குத் தேவதாசின் வாழ்நாளின் பெரும்பகுதியில் எந்த மருத்துவமும் இருக்கவில்லை. 2017 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மரபணு மருத்துவமும் ஆர்பிஈ65 என்னும் ஒரே மரபணுவில் பிழையுள்ளவர்களுக்கு மட்டுமே உரியது.

நோய் மரபுவழிப்பட்டது என்பதால், 1972இல் விபத்து நிகழ்ந்த நாளிலும் அது தேவதாசின் உடலில் இருந்தது. பின் வந்த ஆண்டுகளில் அவர் பார்வை குறைந்துகொண்டே சென்றது. இறுதி ஆண்டுகளில் அது ஏறத்தாழ முற்றிலும் அகன்றுவிட்டது.

சுருங்கும் பார்வையில் வரைதல்

தேவதாசைப் பற்றிய செய்திக் குறிப்புகள் பெரும்பாலும் அவர் பார்வைக் குறைபாட்டை வென்று வரைந்தார் என்னும் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. எப்படி வரைந்தார் என்பதே உண்மையில் அறியத்தக்க செய்தி. பார்வை குறுகிய ஒருவர் பெரிய கட்டடத்தை அளவு பிசகாமல் வரைவதில் என்ன இடர் இருக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

இயல்பான இரு கண்களும் சேர்ந்து கிடைமட்டத்தில் ஏறத்தாழ 180 பாகை அகலத்தைக் காண்கின்றன. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்வைப் புலம் 40 பாகைக்கும் குறைந்தால் அதைக் குறைபார்வை என்றும், 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை என்றும் வகைப்படுத்துகிறது. புலம் சரியாக 10 பாகையாகச் சுருங்கிவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். 25 செ.மீ தொலைவில் வைத்த தாளில் அவர் ஒரே பார்வையில் காணக்கூடியது ஏறத்தாழ 4.4 செ.மீ விட்டமுள்ள ஒரு வட்டம். ஓர் எலுமிச்சம்பழத்தின் அகலம். நுணுக்கம் தெரிவதற்காக +20 டயாப்டர் திறனுள்ள லென்சை அணிந்து தாளைக் கண்ணுக்கு 5 செ.மீ அருகில் கொண்டுவந்தால், அந்த வட்டம் 9 மில்லிமீட்டராகிறது. ஒரு சட்டைப் பொத்தான் அளவு. லென்சு கோட்டைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் தாளில் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பைக் குறைத்துவிடும். 30 செ.மீ அகலமுள்ள படத்தில் ஒரு மூலையில் கோடு இடும்போது மறு மூலையில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மனத்தில்தான் இருக்க வேண்டும்.

தேவதாஸ் உருப்பெருக்கும் கண்ணாடிகளின் துணையோடு, வலுவான ஒளியில், தாளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து வரைந்தார். அந்தப் படங்களில் கோபுரம் சாயவில்லை, தூண் வரிசை நெளியவில்லை. இதற்கு அவர் பெரிதும் நம்பியது பெர்சுபெக்டிவ் எனப்படும் தொலைவுத் தோற்றக் கணக்கு. இணையான கோடுகள் தொலைவில் ஒரு மறைபுள்ளியை நோக்கிக் கூடுவதாகத் தோன்றும் என்னும் இந்த முறையை 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்சு நகரில் புரூனெல்லெசுகி செய்து காட்டினார். ஆல்பெர்ட்டி 1435இல் நூலாக எழுதினார். பொறியியல் முதலாண்டில் வரைபடப் பலகையோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு இது பழைய பகை. மறைபுள்ளிகளும் தொடுவானக் கோடும் குறிக்கப்பட்டுவிட்டால், படத்தின் எந்தச் சிறு பகுதியையும் மற்றப் பகுதிகளைப் பாராமலே சரியாக வரையலாம் என்பதே இம்முறையின் சிறப்பு. முழுப்படத்தையும் ஒரே நேரத்தில் காண இயலாதவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

தென்னிந்தியக் கோபுரத்தை இம்முறையில் வரைவது எளிதன்று. கோபுரம் இயல்பிலேயே மேல்நோக்கிக் குறுகுவது. ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழுள்ள நிலையை விடச் சிறியது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கண் தரும் குறுக்கமும் அதனோடு சேர்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வரைந்தால் கோபுரம் வெறும் கூம்பாகிவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு நிலையிலும் நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்கள். மதுரைக் கோயிலின் 14 கோபுரங்களுள் மிக உயரமான தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. அத்தகைய கோபுரங்களை ஒரு சாண் உயரத் தாளில் அடக்கும்போது எந்தச் சிற்பத்தை முழுதாக வரைவது, எதைச் சில கோடுகளால் உணர்த்துவது என்பது அளவை விட ரசனையைச் சார்ந்தது. இங்கே கணக்கு உதவாது. பார்வை நன்றாக இருந்த நாட்களில் நெடுநேரம் பார்த்துப் பழகியதே உதவும்.

தேவதாசுக்கு அந்தப் பழக்கம் இளமையிலேயே இருந்தது. அவருடைய மதுரைப் படங்கள் பலவும் 1940, 1950களின் நகரையே காட்டுகின்றன. அவை அன்றே வரையப்பட்டவை அல்ல. பல பத்தாண்டுகள் கழித்து, நகரமும் மாறி, பார்வையும் மங்கியபின், நினைவிலிருந்து மீட்டு வரையப்பட்டவை. எனவே அவற்றை ஆவணமாகப் பயன்படுத்துவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஒளிப்படம் தரும் சான்றும் இவை தரும் சான்றும் ஒருவகைப்பட்டவை அல்ல. அதே வேளையில், ஒளிப்படக் கருவி பலரிடம் இல்லாத காலத்து மதுரையின் அன்றாடத் தோற்றத்துக்கு இத்தகைய காட்சிப் பதிவு வேறு அதிகம் இல்லை.

கோட்டோவிய மரபில் இடம்

தமிழகத்தில் கோயில்களைப் பேனாவால் வரைந்தவர் என்றதும் வாசகர் நினைவுக்கு வருபவர் சில்பி (பி. எம். சீனிவாசன், 1919-1983). ஆனந்த விகடனில் வெளிவந்த தென்னாட்டுச் செல்வங்கள் தொடருக்காக அவர் ஊர் ஊராகச் சென்று, சிற்பத்தின் முன் அமர்ந்து வரைந்தார். சில்பியின் அக்கறை சிற்பத்தின் உடலமைப்பிலும் அணிகலனிலும் இருந்தது. தேவதாசின் அக்கறை இடத்தில் இருந்தது: கோபுரம் தெருவிலிருந்து எப்படித் தெரிகிறது, மழைக்குப்பின் மலை எப்படி நிற்கிறது, 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்களுக்கிடையே மனிதர் எவ்வளவு சிறியராகத் தோன்றுகின்றனர் என்பன போன்றவை. சில்பியின் படங்களில் கடவுளர் நிறைந்திருக்க, தேவதாசின் படங்களில் மாட்டு வண்டியும் மரமும் பறவையும் கோபுரத்தோடு சேர்ந்தே வருகின்றன. கிறித்தவரான அவர் மீனாட்சி கோயிலை வரைந்ததைத் தனிச்சிறப்பாகச் சிலர் எடுத்துக் கூறுவதுண்டு. மதுரையில் பிறந்து வளர்ந்த ஓவியர் அக்கோயிலை வரையாமல் இருந்திருந்தால்தான் அது செய்தியாகியிருக்கும்.

வண்ண ஓவியங்களும் அவர் தீட்டியுள்ளார். எனினும் வெள்ளைத் தாளில் கறுப்பு மையே அவருக்குப் புகழ் தந்தது.

வாழ்த்து அட்டைகளும் நூல்களும்

தேவதாஸ் வரைந்த படமும் அதைப் பற்றி மகிமா எழுதிய குறிப்பும் கொண்ட வாழ்த்து அட்டைகளை இணையர் பல ஆண்டுகள் வெளியிட்டனர். விற்பனையில் கிடைத்த தொகை அறப்பணிகளுக்கு அளிக்கப்பட்டது. ஓவியக் கூடங்களுக்குச் செல்லாத பல வீடுகளுக்குள் அவருடைய கோட்டோவியம் நுழைந்தது இந்த அட்டைகள் வழியாகவே.

அவர் நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். 1997இல் வெளிவந்த கிரீன் வெல் இயர்சு, 1940, 1950களின் மதுரையில் வளரும் சிறுவனைப் பற்றியது. தன் இளமையைப் புனைவாக்கி எழுதிய நூல். 2007இல் வெளிவந்த மல்டிபிள் பேசட்சு ஆப் மை மதுரை, அவருடைய மதுரைக் கோட்டோவியங்களை ஒவ்வொன்றுக்குமான கட்டுரையோடு தொகுத்துத் தருகிறது. மதுரையை அறிய விரும்பும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. எ போயம் டு கரேச் மகிமாவின் வாழ்க்கையைப் பேசுகிறது. கட்டடக்கலைஞர் சுஜாதா சங்கருடன் இணைந்து உருவாக்கிய மெட்ராசு இங்க்டு, சென்னையின் பழைய கட்டடங்களை ஓவியரும் கட்டடக்கலைஞரும் தத்தம் நோக்கில் காட்டும் நூல்.

ஒப்புநோக்கத்தக்கோர்

உடல் இயலாமையோடு கலையில் ஈடுபட்டோர் தமிழகத்துக்குப் புதியவர் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் 19ஆம் நூற்றாண்டின் மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் பார்வையற்ற புலவர்கள். பக்கவாத்தியமாகவே கருதப்பட்டுவந்த புல்லாங்குழலைக் கருநாடக இசையில் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் கும்பகோணத்தைச் சேர்ந்த, பார்வையற்றவரான சரப சாத்திரி (1872-1904). முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவரிடம் பயின்ற பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வாசிப்பை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றார். குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்து, தாய் சாருபாலா மோகனிடம் வயலின் கற்ற எம். சந்திரசேகரன், 2005இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

ஆனால் இவர்களோடு தேவதாசை ஒரே வரிசையில் வைக்க முடியாது. இசைக்கு வேண்டியது செவி. அது இவர்களிடம் குறைவற இருந்தது. ஓவியருக்குக் கண் போவது, இசையமைப்பாளருக்குச் செவி போவதற்கு ஒப்பானது. செவிப்புலன் இழந்த பேத்தோவனே அவ்வகையில் நெருங்கிய உவமை.

ஓவியர்களுள் இதற்குப் பொருத்தமான முன்னோடி வங்காளத்தின் பினோத் பிகாரி முகர்ஜி (1904-1980). பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையும் மறு கண்ணில் தெளிவும் இல்லாத அவர், சாந்திநிகேதனில் இந்தி பவனத்தின் சுவர்களில் 1946-47இல் இடைக்கால அடியார்களின் வாழ்வைப் பெருஞ்சுவரோவியமாகத் தீட்டினார். சுவரைக் கிட்டத்தில் நின்று மட்டுமே பார்க்கக்கூடியவர் வரைந்த, நெடுந்தொலைவு நீளும் ஓவியம் அது. 1950களின் நடுவில் கண் அறுவை மருத்துவத்துக்குப் பின் பார்வை முற்றிலும் போயிற்று. அதன்பின்னும் தாளை வெட்டி ஒட்டியும், களிமண்ணில் சிற்பம் செய்தும், பீங்கான் ஓடுகளால் சுவரோவியம் அமைத்தும் பணியாற்றினார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றித் தி இன்னர் ஐ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். முகர்ஜி பார்வை போனபின் தொட்டு உணரும் வடிவங்களுக்கு மாறினார். தேவதாஸ் கடைசி வரை கோட்டை விடவில்லை. இரண்டும் வேறு வேறு விடைகள்.

தமிழ் இதழ் ஓவியத்தில் கோபுலு (1924-2015) மற்றொரு சான்று. முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழக்க, அவர் இடக்கையால் வரையப் பழகி மீண்டும் படங்கள் வரைந்தார்.

மதுரையிலேயே இன்னொருவரும் உண்டு, ஓவியர் அல்லர் எனினும். 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமியின் (1918-2006) கைவிரல்கள் இளமையில் வந்த முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களுக்கேற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகி அவர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை மருத்துவங்களைச் செய்தார்.

விருதும் இறுதிக்காலமும்

மகிமா 2008இல் மறைந்தார். அதன்பின்னும் தேவதாஸ் சென்னையில் வாழ்ந்து நூல்களில் ஈடுபட்டார். கலைப்பணிக்கான பத்மசிறீ விருது 2020ஆம் ஆண்டு குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 83. அப்போது அவரால் தாம் வரைந்த படங்களைத் தாமே பார்க்க இயலாத நிலை. தேவதாஸ் 2022 டிசம்பர் 7ஆம் நாள் தமது 86ஆம் வயதில் சென்னையில் காலமானார்.